காஃபா கோட்டையில் வீசப்பட்ட பிணங்களால்தான் கறுப்புச் சாவு பரவியதா?

கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. 1346இல் கருங்கடல் கரையில் காஃபா கோட்டையை முற்றுகையிட்ட மங்கோலியப் படை, பிளேக்கில் செத்த தன் வீரர்களின் பிணங்களைக் கல்லெறி பொறியில் வைத்து உள்ளே வீசியது, அங்கிருந்து தப்பிய, இத்தாலியின் ஜெனோவா நகரத்து வணிகர்கள் நோயை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள் என்று நீங்கள் பார்த்த காணொளி சொல்கிறது. இது உண்மையா என்பது முதல் கேள்வி. அதே நோய்தான் மதுரை சுல்தான்களின் ஆட்சியையும் அழித்ததா என்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: பதினான்காம் நூற்றாண்டில் கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற, கறுப்புச் சாவு என்று பெயர் பெற்ற இந்த நோயை யார் கொண்டுவந்தார்கள், அது எதுவரைக்கும் போனது?

நான் கல்லூரியில் இடைக்கால உலக வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். இந்தப் பாடம் வரும்போதெல்லாம் மாணவர்கள் முதலில் கேட்பது இந்தப் பிணங்களைப் பற்றித்தான். மரபணு ஆய்வு என் துறை இல்லை; அந்தப் பகுதியில் ஆய்வாளர்கள் வெளியிட்டதைப் படித்துப் புரிந்துகொண்ட அளவுக்கே சொல்வேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிணங்களை வீசியது நடந்திருக்கலாம், ஆனால் ஐரோப்பாவுக்கு நோய் போக அது தேவைப்படவில்லை. தானியக் கப்பல்கள் போதுமானவையாக இருந்தன. மதுரையில் ஒரு கொள்ளைநோய் வந்தது உண்மை. அது கறுப்புச் சாவாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. சுல்தான்களின் ஆட்சி அதனால் முடியவில்லை என்பது நிச்சயம்.

உறுதியானவற்றிலிருந்து தொடங்குகிறேன். கறுப்புச் சாவு என்பது பிளேக்தானா, வேறு ஏதாவது காய்ச்சலா என்று நீண்ட காலம் சண்டை நடந்தது. அந்தச் சண்டை இப்போது முடிந்துவிட்டது. லண்டனில் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டு என்ற இடத்தில் 1348-49இல் பிளேக்கில் இறந்தவர்களுக்கென்றே ஒரு இடுகாடு இருந்தது. அங்கே புதைக்கப்பட்டவர்களின் பற்களிலிருந்து யெர்சினியா பெஸ்டிஸ் என்ற பாக்டீரியாவின் மரபணுவை எடுத்து 2011இல் முழுமையாக வெளியிட்டார்கள். 1896இல் பம்பாய்க்கு வந்து, அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் இதே கிருமிதான். கோயம்புத்தூர்ப் பக்கம் பிளேக் மாரியம்மன் கோயில்கள் எழுந்தது அந்தக் காலத்தில். எலிகளிடமும் அவற்றின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சிகளிடமும் இருந்து மனிதனுக்கு வரும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும். கடுமையான காய்ச்சல் வந்து, மருந்தில்லாத காலத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சில நாட்களில் இறந்துபோவார்கள்.

அடுத்தது, எங்கிருந்து கிளம்பியது என்பது. இன்றைய கிர்கிஸ்தானில் இசிக் குல் ஏரிக்கு அருகே காரா ஜிகாச், புரானா என்று இரண்டு பழைய கிறிஸ்தவ இடுகாடுகள் இருக்கின்றன. 1880களில் ரஷ்யர்கள் தோண்டியபோது ஆண்டு பொறித்த 467 கல்லறைக் கற்கள் அங்கே கிடைத்தன. அவற்றில் 118 கற்கள் 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளைச் சேர்ந்தவை. சிலவற்றில் கொள்ளைநோயால் இறந்தவர் என்றே சிரியாக் மொழியில் எழுதியிருக்கிறது. அது எந்த நோய் என்பது நூறு ஆண்டுகளுக்கு மேல் ஊகமாகவே இருந்தது. 2022இல் அந்த எலும்புகளில் ஏழு பேருடையதை ஆராய்ந்தார்கள், மூவரிடம் பிளேக் கிருமி கிடைத்தது. அந்தக் கிருமி, பின்னால் ஐரோப்பாவில் பரவிய வகைகளுக்கெல்லாம் மூதாதை. அந்தக் கல்லறைகளில் முத்தும் பவளமும் வெளிநாட்டு நாணயங்களும் கிடைத்தன. அதாவது அவர்கள் எங்கோ மலை மூலையில் தனித்துக் கிடந்தவர்கள் இல்லை. தூர தேசத்து வணிகம் அவர்கள் ஊர் வழியாகத்தான் போனது. என்னைப் பொறுத்தவரை கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்தத் துறையில் கிடைத்த மிகப் பெரிய சான்று இதுதான்.

இங்கிருந்து சந்தேகத்துக்குரிய பகுதி. நோய் சீனத்தில் தொடங்கி மங்கோலியப் படையுடன் மேற்கே வந்தது என்று பழைய பாடப்புத்தகங்கள் எழுதின. சீனத்தில் 1330களிலும் 1340களிலும் பெரும் சாவுகள் நடந்தது உண்மை. பின்னாளில் மிங் வம்சத்தை நிறுவிய சூ யுவான்சாங் 1344இல், தன் பதினாறாவது வயதில், பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் பெற்றோரை இழந்து புத்த மடத்தில் போய்ச் சேர்ந்தவர். ஆனால் அந்தக் கொள்ளைநோய் பிளேக் என்பதற்கு எலும்புச் சான்றும் இல்லை, நெறிக்கட்டைத் தெளிவாகச் சொல்லும் பதிவும் இல்லை. வேறொரு சாரார், பிளேக் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே மங்கோலியப் படையெடுப்புகளோடு பல திசைகளில் பரவி, அங்கங்கே காட்டு எலிகளிடம் தங்கி, பிறகு வெடித்தது என்கிறார்கள். இது யோசிக்க வேண்டிய கருத்து, ஆனால் இன்னும் நிரூபணமாகவில்லை.

சரி, காஃபாவுக்கு வருவோம். இன்றைய கிரைமியாவில் ஃபியோடோசியா என்று அழைக்கப்படும் துறைமுகம் அது. தங்கக் கூட்டம் என்ற மங்கோலிய அரசின் நிலத்தில், அவர்கள் அனுமதியோடு ஜெனோவா வணிகர்கள் நடத்திவந்த நகரம். கோதுமை, மீன், தோல், மெழுகு, பட்டு, அடிமைகள் என்று எல்லாம் அங்கே கைமாறின. 1343இல், தோன் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள தானா என்ற ஊரில் ஒரு வெனிஸ்காரர் உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவரைக் கொன்றுவிட்டார். தங்கக் கூட்டத்தின் அரசரான கான் ஜானிபெக் இத்தாலியர்களைத் தானாவிலிருந்து துரத்தி, காஃபாவையும் முற்றுகையிட்டார். முதல் முற்றுகை 1344இல் ஜெனோவாக்காரர்களின் எதிர்த்தாக்குதலில் முறிந்தது. அடுத்த முற்றுகையின்போது, 1346இல், கானின் படையில் கொள்ளைநோய் புகுந்தது. அந்த ஆண்டு தங்கக் கூட்டத்தின் நகரங்களில் பெரும் சாவு விழுந்ததை ரஷ்ய வரலாற்றுக் குறிப்புகளும் தனியாகச் சொல்கின்றன. ஆகவே படை நோயில் அழிந்தது, முற்றுகை தோற்றது என்பதுவரை நம்பலாம்.

பிணங்களை வீசிய செய்திக்கு ஆதாரம் ஒரே ஒருவர்தான். கேப்ரியேலே தே முஸ்ஸி, வட இத்தாலியில் பியாசென்சா நகரத்துப் பத்திர எழுத்தர். படை சாகச் சாக, வீரர்கள் பிணங்களைப் பொறியில் வைத்து நகருக்குள் எறிந்தார்கள், நாற்றம் உள்ளே இருப்பவர்களைக் கொல்லும் என்று நினைத்தார்கள், மலைபோல் பிணங்கள் குவிந்தன, நகரத்தார் அவற்றைக் கடலில் தள்ளினார்கள் என்று எழுதுகிறார். இவர் காஃபாவில் இருந்து தப்பிய கப்பலிலேயே வந்தவர் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்பினார்கள். பிறகு பியாசென்சாவில் அவர் எழுதிய பத்திரங்களைத் தேடிப் பார்த்தபோது, முற்றுகை நடந்த ஆண்டுகளில் அவர் தன் ஊரிலேயே பத்திரம் எழுதிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஆகவே அவர் கண்ணால் பார்த்தவர் இல்லை. திரும்பி வந்த வணிகர்களிடம் கேட்டு எழுதியிருக்கலாம். அப்படிக் கேட்ட செய்தி சரியாகவும் இருக்கலாம். ஆனால் கான்ஸ்டான்டினோப்பிளிலோ (இன்றைய இஸ்தான்புல்) ஜெனோவாவிலோ இருந்து அந்தக் காலத்தில் எழுதிய வேறு யாரும் இதைச் சொல்லவில்லை. முஸ்ஸியின் நோக்கமும் போர் வரலாறு எழுதுவது இல்லை. மனிதர்களின் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனையாக அவர் நோயைப் பார்க்கிறார். அவருடைய எழுத்து முழுவதும் அந்தத் தொனியில்தான் போகிறது.

அப்படி வீசியிருந்தால் நோய் தொற்றியிருக்குமா? தெள்ளுப்பூச்சி சூடான உடம்பைத் தேடும் பூச்சி. உடம்பு குளிர்ந்ததும் அது வேறு உயிரைத் தேடிப் போய்விடும். எனவே எறிந்த பிணத்தோடு தெள்ளு வந்து பரப்பியது என்பது அவ்வளவு பொருந்தாது. ஆனால் சிதைந்த பிணத்தைக் கையால் தூக்கிக் கடலில் போட்டவர்களுக்குக் காயங்கள் வழியே தொற்றியிருக்க முடியும். அதை மருத்துவ ஆய்வாளர்கள் மறுக்கவில்லை. 2002இல் இந்த நிகழ்வை நுண்ணுயிரியல் பார்வையில் அலசிய ஓர் ஆய்வும் இப்படித்தான் முடிகிறது: வீசியது நடந்திருக்கக்கூடும், உள்ளே சிலருக்குத் தொற்றியிருக்கவும் கூடும், ஆனால் ஐரோப்பாவுக்கு நோய் போனதில் அதற்கு முக்கியப் பங்கு இல்லை. கோட்டைச் சுவர் எலிக்குத் தடையே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே படை முகாமில் நோயுள்ள எலிகள் இருந்தால், யாரும் எதையும் எறியாமலே அது உள்ளே வந்துவிடும்.

இதைவிட முக்கியமான முரண் ஒன்று இருக்கிறது, காணொளிகள் அதைத் தொடுவதே இல்லை. அது காலக் கணக்கு. முற்றுகை நடந்தபோதும் காஃபாவின் கடல் பக்கம் திறந்தே இருந்தது. கப்பல்கள் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தன. காஃபாவில் இருந்து கான்ஸ்டான்டினோப்பிளுக்குக் கப்பல் போகச் சில வாரங்கள் போதும். தப்பி ஓடியவர்கள் நோயைக் கொண்டுபோயிருந்தால் அது 1346லேயே அங்கே வெடித்திருக்க வேண்டும். ஆனால் 1347இல்தான் வந்தது. இடையில் என்ன மாறியது? ஹன்னா பார்க்கர் என்ற வரலாற்றாசிரியர் வெனிஸ், ஜெனோவா ஆவணங்களை வைத்து 2021இல் இதற்குப் பதில் சொன்னார். போர் நடந்த ஆண்டுகளில் இரண்டு நகரங்களும் கானின் துறைமுகங்களோடு வணிகம் செய்யக் கூடாது என்று தடை போட்டிருந்தன. கருங்கடல் கோதுமை வருவது நின்றது. அதே சமயம் இத்தாலியில் 1346, 1347 இரண்டு ஆண்டும் விளைச்சல் மோசம்; நகரங்களில் ரொட்டிக்குத் தட்டுப்பாடு. மர வளையங்களைப் படிப்பவர்கள் அந்தக் கோடைகள் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தன என்கிறார்கள். பசி அழுத்த, 1347இல் சமாதானம் பேசித் தடையை நீக்கினார்கள். தேங்கிக் கிடந்த தானியம் கப்பல் கப்பலாகக் கிளம்பியது. தானியம் போகும் இடத்துக்கு எலி போகும், எலியோடு தெள்ளு போகும். அந்தத் தெள்ளின் புழுக்கள் தானியத் தூசியிலேயே வளரும் என்பதையும் இங்கே நினைத்துப் பாருங்கள்.

எனக்கு இந்த விளக்கம் மிகவும் வலுவாகப் படுகிறது. போர் நடந்தவரை நோய் கருங்கடலின் வடகரையில் நின்றது. சமாதானம் வந்ததும் கடல் கடந்தது. பட்டினியைத் தீர்க்க வந்த கோதுமையே சாவையும் கொண்டுவந்தது என்பது கேட்கவே வேதனையான விஷயம், ஆனால் ஆவணங்கள் அந்தப் பக்கம்தான் காட்டுகின்றன.

நோய் போன வழியும் இதற்குத் துணை நிற்கிறது. 1347 கோடையில் கான்ஸ்டான்டினோப்பிள். அங்கே பேரரசர் ஆறாம் ஜான் கான்டகூசினோஸின் இளைய மகன் இறந்தான். இலையுதிர்காலத்தில் எகிப்தின் அலெக்சாண்டிரியா. அக்டோபரில் சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்துக்கு 12 ஜெனோவாக் கப்பல்கள் நோயோடு வந்ததாகச் சிசிலி வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. அப்புறம் மார்செய், ஜெனோவா, வெனிஸ், பீசா. 1348 கோடையில் இங்கிலாந்தின் தென்கரை, 1349இல் நார்வே. பட்டியலைப் பார்த்தாலே துறைமுகங்களாக வருவது தெரியும். மாஸ்கோவைப் பாருங்கள். அது தங்கக் கூட்டத்துக்குக் கப்பம் கட்டிய நாடு, தரை வழியே காஃபாவுக்கு லண்டனைவிட மிகவும் அருகில் இருக்கிறது. ஆனால் அங்கே நோய் 1353இல்தான் போனது, அதுவும் மேற்கே பால்டிக் பக்கம் சுற்றி, 1352இல் ப்ஸ்கோவ் நகரம் வழியாக. மாஸ்கோ இளவரசர் சிமியோன் அதில் இறந்தார். மங்கோலியக் குதிரைப்படைதான் நோயைச் சுமந்தது என்றால் மாஸ்கோ முதலில் விழுந்திருக்க வேண்டும்.

இதில் இன்னும் தீராத சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். தொலைதூரத்துக்குக் கப்பலும் எலியும் போதும். ஆனால் ஊருக்குள் வந்த பிறகு அது ஓடிய வேகம் எலியை மட்டும் வைத்து விளங்கவில்லை. பம்பாயில் 1896இல் எலிகள் முதலில் செத்து விழுந்தன, பிறகு மனிதர்கள். தரை வழியாக அது மெதுவாகத்தான் நகர்ந்தது. 1348இல் எழுதிய ஐரோப்பியர்கள் செத்த எலிகளைப் பற்றிப் பேசுவது மிக அரிது. மனிதர்களின் உடையில் வாழும் தெள்ளும் பேனும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நேரடியாகக் கடத்தியிருக்கலாம் என்று 2018இல் கணித மாதிரி போட்டுக் காட்டினார்கள். அதை ஏற்காதவர்களும் உண்டு. மூச்சு வழியாகவும் பரவியது. அவிஞ்ஞோனில் போப்பின் மருத்துவராக இருந்த கீ தெ ஷோலியாக் இரண்டு விதமான நோயைப் பிரித்தே எழுதினார்: முதலில் வந்தது இரத்தம் துப்பி மூன்று நாளில் சாவது, அடுத்து வந்தது நெறி கட்டி ஐந்து நாளில் சாவது. அவருக்கும் நெறி கட்டியது, பிழைத்துக்கொண்டார்.

இறந்தவர் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு என்று பழைய நூல்கள் சொல்லும், 60 சதவீதம் என்று சொல்பவர்களும் உண்டு. இங்கிலாந்தில் கிறிஸ்தவ ஆயர்களின் பதிவேடுகளும் பண்ணைக் கணக்குகளும் கிடைப்பதால், அங்கே 40 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இறந்தார்கள் என்று கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம். மற்ற இடங்களுக்கு ஒரே எண்ணைப் போடுவது தவறு. ஏரிச் சேற்றில் படிந்த மகரந்தத்தை 261 இடங்களில் எடுத்துப் பார்த்த 2022 ஆய்வு ஒன்றில், சுவீடன், பிரான்ஸ், நடு இத்தாலி போன்ற பகுதிகளில் வயல்கள் காடாகிப்போனது தெரிகிறது. போலந்திலும் அயர்லாந்திலும் அப்படி இல்லை, அங்கே விவசாயம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. பின்விளைவும் இடத்துக்கு இடம் வேறுபட்டது. இங்கிலாந்தில் ஆள் பற்றாக்குறையால் கூலி ஏறியது. அதைப் பழைய நிலையில் நிறுத்த 1349இலும் 1351இலும் சட்டம் போட்டார்கள், அந்தக் கோபம் 1381 விவசாயிகள் கிளர்ச்சி வரைக்கும் புகைந்தது. எகிப்தில் ஆள் இல்லாமல் நைல் வாய்க்கால்களும் கரைகளும் தூர்ந்து விளைச்சலே விழுந்தது.

பிணங்களின் கதை ஏன் இவ்வளவு காலம் நிற்கிறது என்பதற்கு எனக்கு ஒரு காரணம் தெரிகிறது. இவ்வளவு பெரிய சாவுக்கு எதிரி ஒருவனின் கை இருந்தாக வேண்டும் என்று மனம் தேடுகிறது. அன்றும் அப்படித்தான் தேடியது, அதன் விலையைக் கொடுத்தவர்கள் யூதர்கள். கிணறுகளில் நஞ்சு கலந்ததாக 1348 செப்டம்பரில் சவோய் நாட்டின் ஷியோன் கோட்டையில் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். அந்தத் தாள் ஊர் ஊராகப் போனது. 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் நூற்றுக்கணக்கான யூதர்களை உயிரோடு எரித்தார்கள்; 2,000 பேர் என்று அந்த ஊர் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. அப்போது நோய் அந்த நகரத்துக்கு வந்திருக்கவே இல்லை. போப் ஆறாம் கிளெமெண்ட், யூதர்களும் இதே நோயில் சாகிறார்களே என்று சுட்டிக்காட்டி 1348இல் ஆணைகள் வெளியிட்டும் யாரும் கேட்கவில்லை. அதே 1348 கோடையில் டமாஸ்கஸில் நடந்ததையும் வகுப்பில் நான் சேர்த்துத்தான் சொல்வேன். மூன்று நாள் நோன்பு இருந்து, முஸ்லிம்கள் குர்ஆனோடும், யூதர்கள் தோராவோடும், கிறிஸ்தவர்கள் நற்செய்தி நூலோடும், பெண்களும் குழந்தைகளும் உடன்வர, ஊரே ஒன்றாக நடந்து போய் வேண்டிக்கொண்டது. இதை நேரில் பார்த்து எழுதியவர் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அவர்தான் சாட்சி.

இப்னு பதூதா 1340களின் நடுவில் இலங்கையிலிருந்து கிளம்பி, புயலில் சிக்கி, சோழமண்டலக் கரையில் ஒதுங்கினார். மதுரையில் அப்போது சுல்தான் கியாசுத்தீன் தம்கானி. மதுரை சுல்தானகத்தை நிறுவிய அஹ்சன் ஷாவின் ஒரு மகளை இப்னு பதூதாவும் இன்னொரு மகளைத் தம்கானியும் மணந்திருந்ததால் இருவரும் சகலைகள். அந்த உறவு இருந்தும், சுல்தான் பிடிபட்டவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற விதத்தைக் கண்டு தான் அருவருப்படைந்ததை அவர் மறைக்காமல் எழுதுகிறார். பிறகு மதுரைக்கு வந்தபோது அங்கே கொள்ளைநோய். பிடித்தவர்கள் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மிஞ்சினால் நான்காம் நாளோ இறந்தார்கள். வெளியே போனால் நோயாளியையும் பிணத்தையும் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை என்கிறார். நோய் இல்லாதவள் என்று சொல்லி விற்ற ஓர் அடிமைப் பெண்ணை வாங்கினார், அவள் மறுநாளே இறந்தாள். சுல்தானின் வீட்டிலும் சாவு விழுந்தது. கொஞ்ச நாளில் சுல்தானும் இறந்தார். இப்னு பதூதாவுக்கும் காய்ச்சல் வந்தது. புளியை நிறையக் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு போய், பிழைத்தேன் என்று எழுதியிருக்கிறார்.

கொள்ளைநோய் வந்தது, பலர் இறந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது பிளேக்தானா என்பதில்தான் பலமான சந்தேகம். அந்த விவரிப்பில் நெறிக்கட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டு மூன்று நாளில் சாவு என்பது பிளேக்குக்குப் பொருந்தும், காலராவுக்கும் வேறு பல காய்ச்சல்களுக்கும் பொருந்தும். அவர் இதைச் சொல்லி எழுத வைத்தது சுமார் பத்து ஆண்டு கழித்து மொராக்கோவில், நினைவிலிருந்து. சுல்தானின் சாவுக்கு அவரே வேறொரு காரணத்தையும் தருகிறார்: ஒரு யோகி செய்துகொடுத்த, இரும்புத் தூள் கலந்த வீரிய மாத்திரைகளை அளவுக்கு மேல் தின்று சுல்தான் நோயில் விழுந்தாராம். அதற்குப் பத்து ஆண்டு முன்னால், அஹ்சன் ஷாவை அடக்க முகமது பின் துக்ளக் தெற்கே வந்தபோது தெலங்கானாவில் அவர் படையும் கொள்ளைநோயில் அழிந்தது. இந்த இரண்டையும் கோத்து, கறுப்புச் சாவு இந்தியாவுக்கும் வந்தது என்று சிலர் எழுதினார்கள். பஞ்ச காலத்தில் நகரும் படைகளிடையே வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் ஆயிரக்கணக்கில் கொல்வது எல்லா நூற்றாண்டுகளிலும் நடந்ததுதான். அதற்குப் பிளேக் தேவையில்லை.

கறுப்புச் சாவு இந்தியாவுக்கு வந்தது என்பதற்கு எதிராக நான் முக்கியமாகக் கருதுவது அரபுக் கடலோரச் சான்று. மதுரையில் வந்தது பிளேக் என்றால், அங்கிருந்து கொல்லம், ஹோர்முஸ், ஏடன், செங்கடல் என்று ஆண்டுதோறும் போன கப்பல்கள் அதை 1345, 1346லேயே மேற்கே சேர்த்திருக்க வேண்டும். நடந்தது நேர் எதிர். எகிப்துக்கு வடக்கிலிருந்து, கருங்கடல் வழியாக, 1347இல் வந்தது. மக்காவுக்கு 1348-49இல் யாத்திரிகர்களோடு போனது. ஏமனுக்கு 1351இல், கெய்ரோவில் சிறையிருந்து திரும்பிய அரசர் முஜாஹிதின் கூட்டத்தோடு போனது. தெற்கே இறங்கிய நோய் அது, இந்தியாவிலிருந்து ஏறியது இல்லை. அலெப்போவின் இப்னு அல் வர்தி இந்தியாவையும் சிந்துவையும் நோய் தாக்கியதாக எழுதியிருக்கிறாரே என்று கேட்பீர்கள். அவர் எழுதியது நோயை ஊர் ஊராகச் சுற்றும் வஞ்சகனாக உருவகித்த இலக்கியப் படைப்பு. 1349இல் அதே நோயில் அவர் இறந்தார். அதைப் பயண வரைபடமாக எடுத்துக்கொண்டது பின்னால் வந்தவர்களின் பிழை. அந்தக் காலத்து மதுரை எலும்பு ஒன்றில் கிருமி கிடைத்தால் நான் சொன்னதை மாற்றிக்கொள்வேன், அதுவரை வாய்ப்பு குறைவு என்றே சொல்வேன்.

சுல்தானகம் இதனால் முடிந்ததா என்பதற்கு ஊகம் தேவையில்லை. கியாசுத்தீன் இறந்ததும் அவர் சகோதரரின் மகன் நாசிருத்தீன் ஆட்சிக்கு வந்தார். இப்னு பதூதா அப்போது அங்கே இருந்தார், பிறகுதான் கொல்லத்துக்குக் கப்பல் ஏறினார். அதன் பின்னும் சுமார் முப்பது ஆண்டுகள் மதுரை சுல்தான்கள் நாணயம் அச்சடித்தார்கள். 1370ஐ ஒட்டி விஜயநகர இளவரசர் குமார கம்பணர் படையெடுத்து மதுரையைப் பிடித்தார். அவர் மனைவி கங்காதேவி அந்த வெற்றியைச் சமஸ்கிருதத்தில் காவியமாகப் பாடியிருக்கிறார். கடைசி சுல்தான் சிக்கந்தர் ஷாவின் பெயரில் 1378 வரை நாணயம் கிடைப்பதால், தோற்ற பிறகும் ஏதோ ஒரு மூலையில் கொஞ்ச காலம் அவர்கள் ஆட்சி ஒட்டிக்கொண்டிருந்தது என்று தெரிகிறது.